எரியும் பனிக்காடும் எங்கள் வீட்டு நிழற்படமும்



சென்ற பள்ளி விடுமுறையில் ஒரு நாவலைப் படித்து முடித்தேன். அதை முடிக்க எனக்கு நான்கு ஆண்டுகள் ஆயின. அதற்கான காரணத்தை இன்று தங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

நாவலின் பெயர் ‘எரியும் பனிக்காடு’. ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி.எச். டேனியல், அங்குத் தாம் அறிந்தவற்றைக் கொண்டு ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளியிட்ட ‘ரெட் டீ’ என்னும் நாவலின் தமிழாக்கம் இது. மொழிபெயர்த்தவர் இரா. முருகவேள். 2013இல் வெளிவந்த ‘பரதேசி’ திரைப்படமும் இக்கதையைத் தழுவியதே. திருநெல்வேலிச் சீமையில் வறுமையில் வாடும் கருப்பனும் வள்ளியும் ஒரு மேஸ்திரியின் இனிய சொற்களையும் முன்பணத்தையும் நம்பி மலையேறுகின்றனர். அங்கே அவர்களுக்குக் கிடைப்பவை குளிர், அட்டைக்கடி, காய்ச்சல், அவமானம். கணக்குப் பார்க்கும் நாளில் கடன் மட்டும் தீர்ந்தபாடில்லை.

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்ற நாள்களில், நல்ல நூல் என்பது படிப்பவர் மனத்தில் நம்பிக்கையை விதைப்பது என்று கட்டுரை எழுதிப் பாராட்டுப் பெற்றவள் நான். இருண்ட நாவல்களை நாடிச் செல்லும் வழக்கம் எனக்கு இல்லை. நம் நாட்டு எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ படித்தபோது இரண்டு இரவுகள் உறக்கம் வரவில்லை. எனினும், அங்கே கொடுமை செய்தவர்கள் ஜப்பானியப் படையினர். துன்புற்றோர் பக்கம் நின்று அழுதேன். அழுத பின்னர் மனம் சற்று இலேசாயிற்று.

‘எரியும் பனிக்காடு’ என்னை அவ்வாறு அழ விடவில்லை. அந்த மேஸ்திரிதான் காரணம்.

எங்கள் வீட்டு முன்கூடத்தில் ஒரு பழைய நிழற்படம் மாட்டப்பட்டுள்ளது. தலைப்பாகையும் கோட்டும் அணிந்து, கையில் தடியுடன் நிற்பவர் என் தாயாரின் தாத்தா. “ஐயா பெரிய கங்காணி, ஊரிலிருந்து முப்பது பேரைக் கூட்டி வந்து வாழ வைத்தவர்” என்று கேட்டே வளர்ந்தேன். ஆனைமலையில் மேஸ்திரி செய்த வேலையைத்தான் மலாயாவில் கங்காணி செய்தார். சொந்த ஊருக்குச் சென்று, முன்பணம் கொடுத்து, ஆள் திரட்டி வருவார். தம் ஆள்கள் வேலைக்கு இறங்கும் நாளுக்கெல்லாம் தலைக்காசு பெறுவார். 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும் வரை இம்முறை நீடித்தது. இவற்றையெல்லாம் நான் முன்பே படித்திருந்தேன். ஆயினும், பாடநூலில் இருந்த கங்காணியையும் சுவரில் இருந்த ஐயாவையும் ஒருநாளும் சேர்த்துப் பார்த்ததில்லை.

நாவலில் மேஸ்திரி சிரித்துப் பேசும் பகுதியைப் படித்துவிட்டு நிமிர்ந்தேன். எதிரே அந்தப் படம். நூலை மூடி அலமாரியில் வைத்துவிட்டேன்.

கடந்த ஆண்டு, ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் குடும்ப வரலாற்றை எழுதி வரச் சொன்னேன். ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தாள்: “எங்கள் பூட்டனை ஒரு கங்காணி கப்பலில் கூட்டி வந்தார். பூட்டன் கடனைக் கட்டி முடிக்காமலே இறந்துவிட்டார்.” எழுத்துப்பிழை ஏதுமில்லை. ‘நன்று’ என்று எழுதிக் கையொப்பமிட என் பேனா தயங்கியது. அந்த விடுமுறையிலேயே நூலை மீண்டும் எடுத்தேன்.

முடித்த அன்றிரவு அம்மாவிடம், “ஐயாவுக்கும் கடன் கணக்கு இருந்ததா?” என்று கேட்டேன். அம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “ஒரு நோட்டு இருந்துச்சும்மா. ஐயா செத்த மறுவாரம் பாட்டி அதை அடுப்புல போட்டாங்க. பெத்தவன் கடனுக்குப் பிள்ளைங்களை யாரும் கேட்கக் கூடாதுன்னாங்க” என்றார்.

ஐயா கொடியவரா, நல்லவரா என்று என்னால் தீர்ப்புச் சொல்ல இயலவில்லை. அவருக்கு மேலேயும் துரை இருந்தார், கிராணி இருந்தார். ஆனால், அந்த நோட்டில் முப்பது பெயர்கள் இருந்தன. அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்று என் வகுப்பிலேயே அமர்ந்திருக்கக்கூடும்.

லெம்பா பெர்த்தாமிலிருந்து ரிங்லெட் கடந்து ஹபு பக்கம் ஏறினால், 1929இல் தொடங்கப்பட்ட போ தேயிலைத் தோட்டம் பச்சைக் கம்பளமாய் விரிந்திருக்கும். சுற்றுப்பயணிகளோடு நாமும் அங்கு நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். இன்று நம் நாட்டுத் தோட்ட வேலைகளில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் மிகுதி. முகவருக்குக் கட்டக் கடன்பட்டு இந்நாட்டுக்கு வருவோர் அவர்களுள் பலர். இந்நாவலைப் படித்த பிறகு அது எனக்குப் பழங்கதையாகத் தோன்றவில்லை.

இத்தகைய நூல்களைச் சிறுவர்களிடம் கொடுக்கும்படி நான் சொல்லவில்லை. அவை நமக்கானவை. நாம் படித்திருந்தால்தான், ஒரு குழந்தை இப்படி எழுதி வரும்போது கடந்துபோகாமல் நின்று பேச முடியும். அந்த மாணவியிடம் அவளுடைய பூட்டனின் பெயரைக் கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை, பாட்டியிடம் கேட்டு வந்து மறுநாள் சொன்னாள். கட்டுரையின் முதல் வரியில் அப்பெயரை எழுதச் சொன்னேன்.

ஐயாவின் படம் இன்றும் சுவரில்தான் இருக்கிறது. விருந்தினர் கேட்டால், “முப்பது பேரைக் கூட்டி வந்தவர்” என்று சொல்கிறேன். ‘வாழ வைத்தவர்’ என்ற சொல் இப்போது வாயில் வருவதில்லை.

தாங்கள் பாதியில் மூடி வைத்த நூல் ஏதேனும் உண்டா? இயன்றால் மீண்டும் எடுத்துப் பாருங்கள்.

அன்புடன்,
ஓர் ஆசிரியை, லெம்பா பெர்த்தாம்