நோயாளியின் நா

மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிலிருந்து அம்மருந்தை இயற்றுபவன் என்பன அவை. நான்காவதாகச் சொல்லப்பட்டவரே இன்று நாம் தாதி என அழைக்கும் ஊழியர் எனலாம். இக்குறளுக்கு உரை வகுத்த பரிமேலழகர் அந்நான்கினுள் ஒவ்வொன்றுக்கும் நந்நான்கு இயல்புகளை எடுத்துக் கூறுகிறார். பாடசாலைப் பருவத்தில் பரீட்சையின் பொருட்டு மனனஞ் செய்த அவ்வுரைப் பகுதி, தாதியாகப் பணியேற்றுச் சில ஆண்டுகள் கழிந்த பின்னரே எனக்கு உயிருள்ள பொருளாயிற்று.

அவ்வுரையில் இரண்டு செய்திகள் என் சிந்தனையைப் பெரிதும் ஈர்த்தன. நோயாளிக்குரிய இயல்புகளுள் ஒன்றாகத் தன் நோயின் நிலையை எடுத்துணர்த்தும் ஆற்றலைப் பரிமேலழகர் குறிப்பிடுகிறார். பணிசெய்பவர்க்குரிய இயல்புகளாக நோயாளியிடத்து அன்பு, மனம் மொழி மெய்களின் தூய்மை, சொல்லியவற்றைச் சொல்லியவாறே செய்யும் திறன், அறிவு என்னும் நான்கினையும் கூறுகிறார். இவற்றை ஒருங்கே வைத்து நோக்கும்போது இரண்டு வினாக்கள் எழுகின்றன. தன் நிலையை எடுத்துணர்த்தும் ஆற்றல் நோயாளியிடம் இல்லாதவிடத்து அவனுக்காகப் பேசுபவர் யார்? சொல்லியவாறு செய்யும் கடமையும் அறிவும் ஒன்றோடொன்று முரணும்போது தாதி எதன் வழி நிற்பது? தாதியர் கல்வியில் இன்று நோயாளிக்காகப் பரிந்து பேசுதல் என்றும், தொடர்பாடல் என்றும், முரண்பாடு தீர்த்தல் என்றும் தனித்தனிப் பாடங்களாகக் கற்பிக்கப்படுவனவெல்லாம் இவ்விரு வினாக்களுள் அடங்கும் என்பது என் துணிபு.

முதலாவது வினாவை எடுத்துக்கொள்வோம். எமது நாட்டில் நோயாளி வாய்பேசாது கிடப்பதற்கு மயக்கமும் காய்ச்சலும் மாத்திரம் காரணங்களல்ல. மொழியும் ஒரு காரணம். 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் இதனை நன்குணர்ந்தவர். மானிப்பாயில் வைத்தியம் பார்த்த அவர், தமிழைக் கற்று, மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, பின்னர் தம் மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். நோயாளியின் மொழியிலே மருத்துவன் சிந்திக்க வேண்டும் என்னும் கொள்கை அம்முயற்சியின் அடியில் இருந்தது. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிய பின்னர், 1987இல் அரசியலமைப்புக்கான பதின்மூன்றாவது திருத்தம் தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என விதித்தது. எனினும் சட்டப் புத்தகத்திலிருந்து கட்டிலடிக்கு வந்து சேர ஒரு மொழி கடக்கவேண்டிய தூரம் மிக நீண்டது.

மலையகத்து வைத்தியசாலையொன்றில் நான் கடமையாற்றிய காலத்து நிகழ்ச்சியொன்றை இதற்குச் சான்றாகக் கூறலாம். அறுபது வயதைத் தாண்டிய தோட்டத் தொழிலாளியான ஓர் அம்மையார், நீரிழிவினால் காலில் ஏற்பட்ட புண் அழுகிய நிலையில் சத்திரசிகிச்சை விடுதியில் அனுமதிக்கப்பட்டிருந்தார். மறுநாட்காலை அவரது பாதத்தை அகற்றுவதென முடிவாகியிருந்தது. சம்மதப் பத்திரத்திலே பெருவிரல் அடையாளமும் இடப்பட்டிருந்தது. மாலைக் கடமையை ஏற்ற நான் அவருக்கு உணவு கொடுக்கும்போது, நாளைக்கு என்ன செய்யப் போகிறார்கள் என்று அறிவீர்களா என வினவினேன். “தெரியுமே மிஸ்ஸி, புண்ணக் கழுவி நல்ல மருந்தா வச்சுக் கட்டப் போறாங்களாம். டாக்டரய்யா சொன்னாரு, நானும் சரின்னு தலைய ஆட்டிட்டேன்” என்றார் அவர்.

அந்தத் தலையசைப்பைப் பற்றி இவ்விடத்துச் சிறிது சொல்லவேண்டும். கங்காணிக்கு முன்னும் துரைக்கு முன்னும் தலைமுறை தலைமுறையாக நின்று பழகிய மக்களிடம் தலையசைப்பு என்பது உடன்பாட்டின் அறிகுறியன்று. தாம் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்கின்றார் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் கொள்ளலாகாது. வைத்தியர் சிங்களத்திற் கூறியதைச் சிற்றூழியர் ஒருவர் தமக்குத் தெரிந்த சில தமிழ்ச் சொற்களில் ஒப்புவித்திருக்கிறார், அம்மையார் தலையசைத்திருக்கிறார், விரலடையாளம் பெறப்பட்டிருக்கிறது. இம்மூவருள் எவரும் வஞ்சகமாக நடக்கவில்லை. ஆயினும் ஒரு பெண் தன் பாதத்தை இழக்கப்போவதை அறியாமலே அதற்குச் சம்மதித்தவராக ஏட்டில் பதியப்பட்டுவிட்டார்.

நான் விடுதித் தலைமைத் தாதியிடம் இதனைத் தெரிவித்தேன். அவர் ஒரு சிங்களப் பெண்மணி, முப்பதாண்டுகள் பணியாற்றியவர். சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, வைத்திய நிபுணரிடம் நாமிருவரும் சேர்ந்தே செல்வோம் என்றார். நிபுணர் சினந்தார். கையெழுத்து வாங்கியாயிற்று என்றும், காலந்தாழ்த்தினால் நஞ்சு இரத்தத்திற் பரவும் என்றும், அப்போது பொறுப்பேற்பது தாதியா எனவும் கேட்டார். அவர் கூறிய மருத்துவக் காரணம் முழுவதும் உண்மை. தலைமைத் தாதி அதனை மறுக்கவில்லை. “சத்திரசிகிச்சை வேண்டாமென்று நாங்கள் சொல்ல வரவில்லை ஐயா. எதற்குச் சம்மதித்தார் என்பது நோயாளிக்குத் தெரியவில்லை. பத்து நிமிடம் தாருங்கள்; இவள் தமிழில் சொல்லட்டும், நீங்கள் அருகில் நில்லுங்கள்” என்று மாத்திரம் கூறினார். நிபுணர் வந்தார். அவர் கூறிய ஒவ்வொரு வாக்கியத்தையும் நான் தமிழிற் சொன்னேன். அம்மையார் கேட்டவற்றையும் அவ்வாறே அவருக்குச் சொன்னேன். அம்மையார் நெடுநேரம் அழுதார். மகனை அழைக்குமாறு கேட்டார். தோட்டத்துக்குத் தொலைபேசியில் அறிவித்து, இரவிலே வந்து சேர்ந்த மகனோடு பேசியபின், மறுநாட்காலை குறித்த வேளையில் அதே சத்திரசிகிச்சைக்கு அவர் உடன்பட்டார்.

இதிலே ஒருவர் வென்றார், மற்றொருவர் தோற்றார் என்பதற்கு இடமில்லை. பாதம் அகற்றப்படவே செய்தது. ஆயினும் கண்விழித்துக் காலைப் பார்த்தபோது அவ்வம்மையார் ஏமாற்றப்பட்டவராக இருக்கவில்லை. புண் ஆறும்வரை மருந்து கட்டுவதற்கும், சீனியைக் கட்டுப்படுத்தும் உணவு முறைக்கும் அவர் முழுமனத்தோடு ஒத்துழைத்தார். வைத்தியர்மேல் நம்பிக்கை இழந்த நோயாளி இவ்வாறு ஒத்துழைப்பது அரிது.

இனி இரண்டாவது வினாவிற்கு வருவோம். தாதியர் தொழிலின் ஒழுக்க நெறிகளிலேயே இம்முரண்பாட்டின் வரலாறு பதிந்து கிடக்கிறது. 1899இல் தோன்றிய சர்வதேசத் தாதியர் பேரவை 1953இல் ஏற்றுக்கொண்ட முதலாவது ஒழுக்கக்கோவை, மருத்துவரின் கட்டளைகளை விசுவாசத்தோடு நிறைவேற்றுதலைத் தாதியின் கடமைகளுள் ஒன்றாகக் கூறிற்று. 1973இல் திருத்தியமைக்கப்பட்ட கோவையோ, தாதியின் முதற் பொறுப்பு பராமரிப்பை வேண்டி நிற்கும் மக்களுக்கே உரியது என மாற்றி உரைத்தது. இருபதாண்டு இடைவெளியில் நிகழ்ந்த இம்மாற்றம் சொல்லளவில் சிறிது, பொருளளவில் பெரிது.

இவ்விரு ஆண்டுகளுக்கும் இடையே, 1966இல், அமெரிக்க உளமருத்துவர் சார்ள்ஸ் ஹொஃப்லிங்கும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வொன்று மனங்கொள்ளத்தக்கது. முன்பின் அறியாத வைத்தியர் ஒருவர் தொலைபேசியில் விடுதித் தாதியை அழைத்து, குறித்த மருந்தில் 20 மில்லிகிராமை ஒரு நோயாளிக்கு உடனே கொடுக்குமாறு பணிக்கிறார். அம்மருந்துப் பெட்டியின் மேல் ஒரு நாளுக்குரிய உச்ச அளவு 10 மில்லிகிராம் என்று தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. தொலைபேசியில் கட்டளை பெறுதல் விதிக்கு மாறானதுங்கூட. சோதனைக்கு உட்பட்ட 22 தாதியருள் 21 பேர் மருந்தைக் கொடுக்கச் சென்றனர். மருந்து தீங்கற்ற போலி மருந்து. நோயாளியை அடையுமுன் அவர்கள் தடுக்கப்பட்டனர். இதே நிலைமை ஏற்பட்டால் என்ன செய்வீர்கள் என்று வேறு 12 தாதியரிடமும் 21 தாதிய மாணவியரிடமும் வினவியபோது, தாதியருள் 10 பேரும் மாணவியர் அனைவரும் கொடுக்கமாட்டோம் என விடையளித்திருந்தனர். வகுப்பறையில் அமர்ந்து சொல்லும் விடைக்கும், மணியொலிக்கும் தொலைபேசியின் முன் நின்று செய்யும் செயலுக்கும் உள்ள தூரத்தை இது புலப்படுத்துகிறது.

இவ்வாய்வோடு நிறுத்திக்கொள்வோர் தாதியரைக் கோழைகளெனக் கருதக்கூடும். ஆனால் 1977இல் ராங்க், ஜேக்கப்சன் என்னும் இருவர் இதனை ஒத்த சோதனையொன்றை வேறு முறையிற் செய்தனர். இம்முறை மருந்து தாதியர் நன்கறிந்த மருந்து; சக ஊழியரோடு கலந்து பேசவும் வாய்ப்பிருந்தது. 18 தாதியருள் இருவரே கட்டளையை நிறைவேற்ற முற்பட்டனர். அறிவும் தோழமையும் கிடைத்தவிடத்து அதே தாதியர் குலம் துணிவோடு நின்றது. தனித்து நின்றிருந்தால் நான் நிபுணரின் சினத்துக்கு முன் எவ்வளவு நேரம் நின்றிருப்பேன் என்பது எனக்கே ஐயம். தலைமைத் தாதி உடன் வந்தமையே என் சொல்லுக்கு வலிமை தந்தது. ஆதலின் நோயாளிக்காகப் பேசும் துணிவைத் தனியொருத்தியின் வீரமாகப் புகழ்ந்துவிட்டு அமைதல் போதாது. அத்துணிவு வளரத்தக்க சூழலை அமைப்பது நிருவாகத்தின் கடன்.

சூழல் அவ்வாறு அமையாதவிடத்து நேரும் தீங்குக்குக் கனடாவின் வினிப்பெக் நகரம் சான்று. 1994ஆம் ஆண்டில் அந்நகரின் வைத்தியசாலையொன்றில் இருதய சத்திரசிகிச்சைக்கு உட்பட்ட குழந்தைகளுள் 12 பேர் மாண்டனர். சத்திரசிகிச்சைக் கூடத்துத் தாதியர் அவ்வாண்டிலேயே தம் கவலையை மேலிடத்தில் மீண்டும் மீண்டும் தெரிவித்திருந்தனர். நீதிபதி மறி சின்க்ளேயர் நடத்திய மரண விசாரணையின் அறிக்கை 2000ஆம் ஆண்டு வெளியாயிற்று. தாதியரின் கவலைகளுக்கு உரிய மதிப்பு அளிக்கப்படவில்லை என்பதனை அது வெளிப்படையாக எடுத்துக்காட்டியது. தாதியர் பேசாமலிருந்தமையால் நேர்ந்த அவலமன்று இது. அவர்கள் பேசியதைக் கேட்பாரின்மையால் நேர்ந்தது. பேசுதல் பற்றிய பாடம் தாதிய மாணவர்க்கு எவ்வளவு இன்றியமையாததோ, கேட்டல் பற்றிய பாடம் மருத்துவ மாணவர்க்கும் நிருவாகிகளுக்கும் அவ்வளவு இன்றியமையாதது.

எனினும் எவ்வாறு பேசுவது என்பதும் ஒரு கலையே. நள்ளிரவில் வைத்தியரை எழுப்பி, நோயாளிக்கு ஏதோ சரியில்லை என்று மட்டும் கூறினால் சினமே விளையும். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல் வழக்கத்திலிருந்து மருத்துவத் துறைக்குள் எடுக்கப்பட்ட முறையொன்று இன்று பல நாடுகளிற் கற்பிக்கப்படுகிறது. இப்போதைய நிலைமை, அதன் பின்னணி, அதுபற்றித் தாதியின் மதிப்பீடு, செய்யவேண்டுவது பற்றிய ஆலோசனை என்னும் நான்கினையும் அந்த ஒழுங்கிலே சுருக்கமாக உரைத்தல் அம்முறையாகும். வாய்மொழியாகப் பெற்ற கட்டளையைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்து கொள்ளுதலும் இத்தகையதே. இம்முறைகளின் சிறப்பு, கருத்து வேறுபாட்டை ஆட்களுக்கிடையிலான பூசலாக்காமல் நோயாளியின் நாடி, மூச்சு, வெப்பம் ஆகியவை பற்றிய ஆராய்ச்சியாக்கி விடுவதாகும். எமது தலைமைத் தாதி இத்தகைய முறையெதனையும் நூலிற் கற்றவரல்லர். ஆயினும் வைத்தியரோடு தமக்கு உடன்பாடான பகுதியை முதலிற் கூறி, வேறுபடும் இடத்தைச் சுருக்கிக் காட்டி, வேண்டுவது பத்து நிமிடமே என்று அளந்து கேட்ட அவரது பேச்சில் இவ்விலக்கணம் அனைத்தும் அமைந்திருந்தது.

நோயாளிக்காகப் பேசுவதில் ஓர் இடரும் உண்டு. பிறருக்காகப் பேசிப் பழகியவர் நாளடைவில் பிறரின் குரலையே தமதாக்கிக் கொள்ளக்கூடும். எமது சமூகத்திலே புற்றுநோய் கண்ட தாய்க்கு அதனைத் தெரிவிக்கவேண்டாமெனப் பிள்ளைகள் தாதியின் கையைப் பிடித்து மன்றாடுவது அன்றாட நிகழ்ச்சி. அவர்கள் அன்பினால் அவ்வாறு கேட்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. உரிமையென்னும் சொல்லைக்கொண்டு அவர்களை ஒதுக்கித் தள்ளுதலும், அவர்கள் சொல்லுக்கிணங்கி அத்தாய்க்குப் பொய்யுரைத்தலும் எனக்கு ஒவ்வாதவை. உங்கள் நோயைப் பற்றி எவ்வளவு அறிய விரும்புகிறீர்கள், யாரிடம் நாங்கள் பேசவேண்டும் என்று அத்தாயையே வினவுவது நான் கண்ட வழி. எல்லாவற்றையும் சொல்லுங்கள் என்பாரும் உளர். மூத்தவனிடம் சொல்லுங்கள், அவன் பார்த்துக்கொள்வான் என்பாரும் உளர். இரண்டுமே அவரவர் விடை. அவ்விடையைப் பெற்றுக்கொண்டு பிள்ளைகளிடம் சென்றால் பெரும்பாலும் பூசல் தணிந்துவிடும். நோயாளியின் நாவாக இருக்க விரும்புபவர் முதலில் அவரது சொல்லைக் காதாரக் கேட்டிருத்தல் வேண்டும்.

இக்கட்டுரையைப் படிப்போருள் மருத்துவராகவும், தாதியராகவும், மொழிபெயர்ப்பாளராகவும், நிருவாகிகளாகவும் வரவிருப்போர் பலர். நோயாளிகளாகவோ அவர்தம் உறவினராகவோ நாம் அனைவரும் ஒருநாள் விடுதிக்குச் செல்ல வேண்டியவர்களே. தமிழ் மாணவர் சிங்களத்தையும், சிங்கள மாணவர் தமிழையும் நோயாளியோடு உரையாடும் அளவிற்கேனும் பல்கலைக்கழகத்திலேயே கற்றுக்கொள்ள வேண்டும். விடுதிகளில் மொழிபெயர்ப்பு வேலை கைக்கு அகப்பட்ட சிற்றூழியரின் தலையிற் சுமத்தப்படாமல், பயின்றவரின் பொறுப்பாதல் வேண்டும். சம்மதப் பத்திரத்தில் ஒப்பம் பெறுவதற்கு முன்னர், தனக்கு என்ன செய்யப்படவிருக்கிறது என்பதை நோயாளி தன் சொற்களிலே திருப்பிச் சொல்லக் கேட்பது விதியாதல் வேண்டும். இம்மூன்றில் இறுதியானதற்குப் பணமும் வேண்டியதில்லை, புதிய சட்டமும் வேண்டியதில்லை. கட்டிலருகே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அமர்வதற்குச் சிறிது பொழுதே வேண்டும்.