கேமிங் கம்ப்யூட்டர் வாங்க டவுன்ஹால் ரோடு போறீங்களா? 60,000 ரூபாயை எங்கே போடணும், எங்கே போடக்கூடாது?

மதுரை ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து மேல வெளி வீதியைக் கடந்தால் டவுன்ஹால் ரோடு. நேராக நடந்தால் மீனாட்சியம்மன் கோயில் பக்கம் கொண்டுபோய் விடும். வழி நெடுக லாட்ஜ், ஸ்வீட் ஸ்டால், துணிக்கடை, வாட்ச் கடை, மொபைல் கடை. நடுவில், கடைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறது பெருமாள் தெப்பம். அந்தப் பக்கம் மேல பெருமாள் மேஸ்திரி வீதி. சார்ஜரில் தொடங்கி கண்காணிப்பு கேமரா வரை எலெக்ட்ரானிக்ஸ் சாமான் எதுவானாலும் மதுரைக்காரர்களின் கால்கள் முதலில் வருவது இந்த வட்டாரத்துக்குத்தான்.

பரீட்சை முடிந்து ரிசல்ட்டும் வந்துவிட்டால் இங்கே ஒரு புதுக் கூட்டம் சேரும். மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டி, உசிலம்பட்டி பஸ்களில் வந்து இறங்கும் பிள்ளைகளின் கையில் மொபைல். அதில் ஒரு பாகப் பட்டியல். பக்கத்தில் அப்பா, அவர் கையில் மஞ்சள் பை. பையில் இருப்பது சீட்டு எடுத்த பணமாக இருக்கலாம், நெல் போட்ட பணமாக இருக்கலாம். பையனுக்கு விளையாட வேண்டும். அப்பாவுக்கு அந்தக் காசு வீணாகக்கூடாது. இரண்டுமே நியாயம்தான்.

அப்பாக்கள் கேட்கும் முதல் கேள்வியும் ஏறத்தாழ ஒன்றுதான்: "வீட்லதான் லேப்டாப் இருக்கேப்பா?" தமிழக அரசு 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தால் அக்காவுடையதோ அண்ணனுடையதோ ஒரு லேப்டாப் இருக்கும் வீடுகள் ஏராளம். அது படிக்கவும் எழுதவும் போதும். விளையாட்டுக்குத் தேவைப்படும் தனி கிராபிக்ஸ் கார்டு அதில் இல்லை, பிறகு சேர்க்கவும் முடியாது. பாகம் பாகமாக வாங்கிக் கோக்கும் கம்ப்யூட்டரின் பலமே, பிறகு சேர்க்கலாம் என்பதுதான்.

மதுரையா, ரிச்சி ஸ்ட்ரீட்டா?

'சென்னைக்குப் போனா விலை கம்மி' என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்க மாட்டார். அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட்டும், பக்கத்து நரசிங்கபுரம் தெருவும், மீரான் சாகிப் தெருவும் ரேடியோ, டி.வி உதிரி பாகக் காலத்திலிருந்து பேர் போனவை. ஒரே பாகத்துக்கு வரிசையாகப் பத்துக் கடை ஏறி இறங்கி விலை கேட்கலாம். 1977 முதல் ஓடும் வைகை எக்ஸ்பிரஸில் காலையில் மதுரையில் ஏறினால் பிற்பகலில் சென்னை. இரவு ரயிலில் திரும்பினால் மறுநாள் காலை மதுரை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

ஆனால், கணக்கில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். போகவர சுமார் 1,000 கிலோமீட்டர். வாங்கிய மதர்போர்டு பத்தாவது நாள் மக்கர் செய்தால் அதே தூரம் இன்னொரு முறை. விலையில் மிச்சமாவது இரண்டு பேரின் டிக்கெட், சாப்பாட்டுச் செலவைத் தாண்டுகிறதா என்று பார்த்துவிட்டு ரயில் ஏறுவது நல்லது. ஆன்லைன் விலையையும் சென்னை விலையையும் கையில் வைத்துக்கொண்டு மதுரையில் மூன்று கடைகளில் எழுத்துபூர்வமாக கொட்டேஷன் வாங்குவது நடுவழி. சில நூறு ரூபாய் கூடுதலானாலும், "அண்ணே, நேத்து வாங்கினது ஆன் ஆகலண்ணே" என்று மறுநாளே போய் நிற்க ஒரு கடை உள்ளூரில் இருப்பதற்கும் விலை உண்டு.

பட்டியல் எங்கே தொடங்க வேண்டும்?

பலரும் பிராசஸரில் தொடங்குவார்கள். தொடங்க வேண்டியது விளையாட்டில். என்ன விளையாடப் போகிறோம், எந்தத் திரையில்? வாலரன்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2 போன்றவை ஒரு ரகம். பெரிய கதை, பெரிய உலகம் கொண்ட புது கேம்கள் வேறு ரகம். முதல் ரகம் எளிய கம்ப்யூட்டரிலும் ஓடும். இரண்டாவதற்குத் தனி கிராபிக்ஸ் கார்டு கட்டாயம். திரை ஃபுல் ஹெச்.டி என்றால் பட்ஜெட்டுக்குள் அடங்கும். அதற்கு மேல் போனால் கார்டின் விலை எகிறும்.

மானிட்டர் தவிர்த்து பெட்டிக்கு மட்டும் 60,000 ரூபாய் இருந்தால், அதை மூன்றாகப் பிரித்துக்கொள்வது சுலபமான கணக்கு. ஒரு பங்கு கிராபிக்ஸ் கார்டுக்கு. இரண்டாவது பங்கு பிராசஸருக்கும் மதர்போர்டுக்கும். மூன்றாவது பங்கு ரேம், எஸ்.எஸ்.டி, எஸ்.எம்.பி.எஸ், கேபினட் நான்குக்கும் சேர்த்து.

கார்டில் 8 ஜி.பி மெமரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏ.எம்.டி-யின் ஆர்.எக்ஸ் 6600 அப்படிப்பட்ட ஒன்று. 2021-ல் வந்தது, ஃபுல் ஹெச்.டி-க்கு இன்றும் பட்ஜெட் பட்டியல்களில் இருக்கிறது. பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாற வாய்ப்புண்டு. ஆர்.டி.எக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் 8 ஜி.பி கார்டும் உண்டு, 6 ஜி.பி கார்டும் உண்டு. 6 ஜி.பி கார்டின் வேகம் குறைவு.

பிராசஸரும் மதர்போர்டும் ஜோடி. ஏ.எம்.டி-யின் ஏ.எம்.4 பிராசஸர் ஏ.எம்.5 போர்டில் உட்காராது; டி.டி.ஆர்.4 ரேம் டி.டி.ஆர்.5 ஸ்லாட்டில் நுழையாது. இன்டெல் கோர் ஐ3 12100எஃப் என்பதில் கடைசியில் நிற்கும் 'எஃப்' முக்கியம். உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் அதில் கிடையாது என்று அர்த்தம். தனி கார்டு போடாவிட்டால் திரையில் ஒன்றுமே வராது.

அதே 60,000-க்குள் மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் அடங்க வேண்டுமா? அப்படியானால் கார்டை இப்போது விட்டுவிடுங்கள். ரைசன் 5 5600ஜி போல, கிராபிக்ஸ் உள்ளடங்கிய பிராசஸரை வாங்கலாம். வாலரன்ட் விளையாட அது போதும். அடுத்த தீபாவளி போனஸில் கார்டைச் செருகிக்கொள்ளலாம். அதற்கு ஒரே நிபந்தனை, எஸ்.எம்.பி.எஸ்-ஐ இன்றே நல்லதாக வாங்கிவிட வேண்டும்.

ரேம் ஏன் இந்த விலை?

போன வருஷம் வாங்கிய நண்பனின் பில்லைக் காட்டி, "ரேம் விலை மட்டும் ஏன்ணே இப்படி?" என்று கடையில் சண்டை போட வேண்டாம். கடைக்காரர் கையில் ஒன்றுமில்லை. செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போவதால், 2025-ன் கடைசி மாதங்களில் உலகம் முழுக்க ரேம் விலை தாறுமாறாக ஏறியது. மைக்ரான் நிறுவனம், வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கான தன் 'குருஷியல்' பிராண்டையே நிறுத்தப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. அமெரிக்காவில் ஒரு டேட்டா சென்டர் எழும்பினால் டவுன்ஹால் ரோட்டில் விலைச்சீட்டு மாறுகிறது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தனி கார்டு போடுபவர்கள் 16 ஜி.பி ஸ்டிக் ஒன்றை மட்டும் வாங்கி, இன்னொரு ஸ்லாட்டைக் காலியாக விடலாம். விலை இறங்கும்போது சேர்க்கலாம். கார்டு இல்லாமல் 5600ஜி வாங்குபவர்கள் அப்படிச் செய்யக் கூடாது. அந்த கிராபிக்ஸ் ரேமைத்தான் தன் மெமரியாகப் பயன்படுத்துகிறது. அதற்கு 8 ஜி.பி ஸ்டிக் இரண்டு போட்டால்தான் வேகம் வரும்.

மதுரை வெயிலும் கரன்ட்டும்

வெளியூர் பட்டியலை அப்படியே காப்பியடிக்க முடியாத இடம் இது. கத்திரியில் மதுரை 40 டிகிரியைத் தொடும். ஏ.சி இல்லாத மொட்டை மாடி அறையில், குளிர்நாட்டுக்காரர் பரிந்துரைத்த முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினட் அழகாக இருக்கும். ஆனால், மூச்சு முட்டும். முன்பக்கம் வலைபோல ஓட்டைகள் உள்ள கேபினட், முன்னால் காற்றை இழுக்க ஒன்றும் பின்னால் வெளியே தள்ள ஒன்றுமாகக் குறைந்தது இரண்டு ஃபேன். கலர் லைட்டுக்குக் கொடுக்கும் காசை இதற்குக் கொடுக்கலாம். திருமங்கலம், பேரையூர் பக்கத்துக் கரிசல் புழுதியும் சோழவந்தான் பக்கத்து அறுப்புக் காலத் தூசியும் உள்ளே போகும் என்பதால், கழற்றிக் கழுவும் ஃபில்டர் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பெட்டியைத் தரையில் வைக்காமல் மேசைமேல் வைத்தாலே பாதித் தூசி குறையும்.

அடுத்தது எஸ்.எம்.பி.எஸ். வீட்டுக்கு வரும் மின்சாரத்தைப் பாகங்களுக்குத் தேவையான அளவில் மாற்றிக் கொடுக்கும் பெட்டி. பட்ஜெட் இடிக்கும்போது முதலில் வெட்டப்படுவது இதுதான். கேபினட்டோடு சும்மா வரும் எஸ்.எம்.பி.எஸ்-ல் 450 வாட்ஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதை நம்பி 20,000 ரூபாய் கார்டைச் செருகுவது, கல்யாணப் பந்தலை அழுகிய மூங்கிலில் போடுவது மாதிரி. '80 பிளஸ் பிரான்ஸ்' சான்று உள்ள, பெயருள்ள நிறுவனத்தின் 500 அல்லது 550 வாட்ஸ் போதும். ஆர்.எக்ஸ் 6600 இழுப்பது 132 வாட்ஸ். பிராசஸர் 65 முதல் 90. மற்றவை எல்லாம் சேர்ந்தாலும் மொத்தம் 300-க்குள் அடங்கும். 750 வாட்ஸ் வாங்குவதும் வீண்தான்.

யூ.பி.எஸ்-ல் 600 வி.ஏ என்று போட்டிருந்தால் பெரும்பாலும் உண்மையான கொள்ளளவு 360 வாட்ஸ்தான். மானிட்டரும் சேர்ந்தால் விளிம்பில் நிற்கும், 1,000 வி.ஏ அளவில் எடுத்தால் நிம்மதி. கரன்ட் போனதும் கேமை சேவ் செய்து ஒழுங்காக அணைக்க அது போதும், ஆட்டத்தைத் தொடர்வதற்கல்ல.

காசு செலவில்லாத வேலை ஒன்றும் இருக்கிறது. மாசி வீதிகளுக்குள் இருக்கும் பழைய வீடுகளில் எர்த் கனெக்‌ஷன் இல்லாத பிளக் பாயின்ட்கள் இன்னும் உண்டு. கேபினட்டைத் தொட்டால் 'ஜிவ்'வென்று இழுக்கிறதா? அது பழகிவிடும் விஷயம் அல்ல. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த அறையின் எர்த்தைப் பார்க்கச் சொல்லிவிடுங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

வாங்கலாம், கண்ணைத் திறந்துகொண்டு. ஆபீஸ்களில் கழித்துவிட்ட ஒல்லியான கம்ப்யூட்டர்கள் மலிவாகக் கிடைக்கும். அவற்றில் குட்டை கார்டு மட்டுமே நுழையும். பல மாடல்களில் வழக்கமான எஸ்.எம்.பி.எஸ் பொருந்தாது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது.

பழைய கிராபிக்ஸ் கார்டுகளில் கிரிப்டோ நாணயம் எடுக்க இரவு பகலாக ஓடியவையும் உண்டு. எத்தீரியம் நாணயம் 2022 செப்டம்பரில் கார்டுகளின் தேவையைக் கைவிட்டதும், அப்படி ஓடிய ஏராளமான கார்டுகள் உலகெங்கும் சந்தைக்கு வந்தன. எனவே பழைய கார்டு என்றால், கடையிலேயே அரை மணி நேரம் கனமான கேமை ஓட்டிப் பார்த்த பிறகுதான் காசு. கேபினட்டும் கீபோர்டும் பழையதாக இருக்கலாம். எஸ்.எம்.பி.எஸ் மட்டும் எக்காரணம் கொண்டும் பழையது வேண்டாம்.

பில், பெட்டி, பஸ்

பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் இருக்க வேண்டும். 'பில் இல்லாம 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி கம்மி' என்று ஆசை காட்டினால் மயங்க வேண்டாம். மூன்று வருட வாரன்டியைக் கேட்க நாளை அந்தக் காகிதம்தான் சாட்சி. அட்டைப்பெட்டிகளையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடக் கூடாது.

கடையில் கோத்து முடித்ததும் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்து, பட்டியலில் உள்ள பாகங்கள்தான் உள்ளே இருக்கின்றனவா என்று திரையிலேயே சரிபார்க்க வேண்டும். பிறகு கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி அதன் பெட்டியிலேயே வைத்துத் தரச் சொல்லுங்கள். உசிலம்பட்டி பஸ் ஒரு வேகத்தடையில் குதித்தால் கார்டின் எடை முழுவதும் மதர்போர்டு ஸ்லாட்டில்தான் இறங்கும். வீட்டில் போய் அதைச் செருக ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஐந்து நிமிடமும் போதும். எப்படி என்று கடைக்காரர் தம்பியிடமே ஒருமுறை செய்துகாட்டச் சொல்லிக் கேட்டுவிட்டால், நாளைக்கு ரேம் சேர்க்கவும் எஸ்.எஸ்.டி மாற்றவும் யாரையும் தேட வேண்டியதில்லை.

பகலில் தங்கை டேலி பழகவும், இரவில் அண்ணன் விளையாடவும், ஐந்து வருடம் கழித்து கார்டை மட்டும் மாற்றிக்கொள்ளவும் ஒரே பெட்டி உதவினால் அந்த 60,000 ரூபாய் சரியாகச் செலவானது என்று அர்த்தம். கண்ணுக்குத் தெரியும் லைட்டில் மிச்சம் பிடித்து, கண்ணுக்குத் தெரியாத எஸ்.எம்.பி.எஸ்-ல் போட்டவர்களுக்கு அது நடக்கும்.