தறி நூலும் ஒரு பழைய கிடாரும்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. "எங்க கிடைச்சுது? எவ்ளோ ஆச்சு? பெயிண்ட் அடிச்சியா இல்லியா?"ன்னு மூணே கேள்விய மாத்தி மாத்திக் கேக்கற நண்பர்களுக்காக மொத்தமா இங்க எழுதிடறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கோங்க.

எங்க ஊர் அம்மையார்குப்பம், திருத்தணி பக்கம். ஆந்திரா எல்லை கூப்பிடு தூரம். நெசவு ஊர். பகல்ல எந்தத் தெருவுல நடந்தாலும் விசைத்தறி சத்தம் கூடவே வரும். இந்த ஊர்ல எலக்ட்ரிக் கிடாரான்னு கேக்காதீங்க. திருவிழா இருக்கற ஊர்ல மெல்லிசைக் குழு இருக்கும், மெல்லிசைக் குழு இருந்தா கிடார் இருக்கும். அவ்ளோதான் கணக்கு.

எங்க தெருவுல ஒரு பெரியவர். சொந்தம் இருக்கோ இல்லியோ, எல்லாருக்கும் அவர் மாமா. பகல்ல தறி, ராத்திரி கச்சேரி. சோளிங்கர், பள்ளிப்பட்டு, அந்தப் பக்கம் நகரி, புத்தூர்னு சுத்தியிருக்கார். இந்தப் பக்கம் தமிழ்ப் பாட்டு, அந்தப் பக்கம் தெலுங்குப் பாட்டு, கார்டு மட்டும் ஒண்ணுதான்னு சிரிப்பார். 1982ல 'பயணங்கள் முடிவதில்லை' வந்தப்புறம் 'இளைய நிலா' வாசிக்காம எந்த ஊர் மேடையிலயும் இறங்க விடலையாம்.

அவர் கிடார்தான் இது. பரண் மேல பெட்டியில பல வருஷம் கெடந்துச்சு. "வித்துரு, இல்லன்னா யாருக்காவது குடுத்துரு"ன்னு பையன் சொல்லிட்டான். 14,000 ரூபா குடுத்து வாங்கினேன். மாமா ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டார். "ரெடி பண்ணதும் ஒரு வாட்டி எங்கிட்ட குடு மாப்ளே."

அப்ப ஏன் விக்கறீங்கன்னு கேட்டேன். காதைத் தொட்டுக் காமிச்சார்.

இத கொஞ்சம் சொல்லியாகணும். தறிக்கூடத்துல சத்தம் 90 டெசிபல தாண்டறது சர்வ சாதாரணம். நம்ம நாட்டு தொழிற்சாலை விதிகள்ல எட்டு மணி நேரத்துக்கு உச்ச வரம்பே அந்த 90தான். வருஷக்கணக்கா அதுல நின்னா காது மொத்தமா போகாது. மொதல்ல 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்துல ஓட்டை விழும். கிடார்ல 22வது ஃப்ரெட்ல மேல் கம்பிய அழுத்தினா கூட 1,175 ஹெர்ட்ஸ்தான் வரும். அதனால சுரம் கேக்கும். ஆனா பிக் கம்பியில படற அந்த 'டிங்', கம்பியோட பளிச்சு எல்லாம் அதுக்கு மேல இருக்கற துணைச் சுரங்கள்லதான் இருக்கு. அது காணாமப் போயிடும். மாமா இத ஒரே வரியில சொன்னார்: "பாட்டு கேக்குதுபா, கம்பி கேக்கல."

சரி, கிடாருக்கு வருவோம்.

இது செமி ஹாலோ வகை. வெளியிலேர்ந்து பாத்தா வயலின் மாதிரி ரெண்டு எஃப் ஓட்டையோட உள்ளே காலின்னு தோணும். ஆனா நடுவுல நீளவாக்குல ஒரு மரக்கட்டை ஓடும். ரெண்டு பக்கச் சிறகு மட்டும்தான் காலி. அமெரிக்காவுல கிப்சன் கம்பெனி 1958ல கொண்டு வந்த இஎஸ்-335தான் இதுக்கெல்லாம் தாத்தா. அதுக்கும் முன்னாடி, 1940 வாக்குல, லெஸ் பால்ங்கற கிடாரிஸ்ட் நாலுக்கு நாலு அங்குலக் கட்டையில கம்பி கட்டி, ரெண்டு பக்கமும் கிடார் உடம்ப அறுத்து ஒட்டிப் பாத்தார். அதுக்குப் பேரே 'லாக்'. நம்ம பாஷைல சொன்னா கட்டை!

நடுக்கட்டை எதுக்குன்னா, ஊளையிடாம இருக்க. முழுக்க காலியான கிடார பெரிய ஸ்பீக்கர் பக்கத்துல வெச்சா, ஸ்பீக்கர் சத்தத்துல மேல்பலகை அதிரும், அந்த அதிர்வு மறுபடி ஸ்பீக்கருக்குப் போகும், கடைசில மைக் கத்தற மாதிரி கத்தும். நம்ம கோயில் மேடையில மூணடி தள்ளி ஸ்பீக்கர் பெட்டி, மேல கட்டின குழாய் வேற. அங்க இந்தக் கட்டை இல்லன்னா கச்சேரி இல்ல.

தலைப் பக்கம் பேரு முழுக்க அழிஞ்சு போச்சு. கழுத்த உடம்போட சேக்கற இடத்துல நாலு ஸ்க்ரூ, ஒரு இரும்புத் தகடு, அதுல 'மேட் இன் ஜப்பான்'. 1970கள்ல இப்படி போல்ட் கழுத்தோட செமி ஹாலோ நெறைய செஞ்சது மாட்சுமோட்டோ ஊர்ல இருந்த மாட்சுமோக்கு கம்பெனி. ஏரியா, எபிஃபோன்னு பல பேருக்குச் செஞ்சு குடுத்தாங்க. கிடாருக்கு முன்னாடி அவங்க பொழப்பு சிங்கர் தையல் மிஷினுக்கு மரப்பெட்டி செய்யறது. 1987ல மூடிட்டாங்க. என்னோடது அவங்க கைதானான்னு சத்தியம் பண்ண மாட்டேன். இருந்தா, தையல் மிஷின் பெட்டி செஞ்ச கை நெசவு ஊருக்கு வந்து சேந்திருக்கு. மாமா வாங்கினது சென்னை பர்மா பஜார்ல. இறக்குமதி கட்டுப்பாடு இருந்த காலம், ஃபாரின் சாமான்னாலே பர்மா பஜார்தான்.

இப்ப வேலை. பட்டியல் போட்டேன்:

1. முதல் மூணு ஃப்ரெட்லயும் அஞ்சாவதுலயும் கம்பி அறுத்த பள்ளம்.
2. நட் விரிசல்.
3. வால்யூம், டோன் திருகினா கரகரப்பு. ஒண்ணு சுத்தமா செத்துப் போச்சு.
4. ஏதோ ஒரு இடத்துல மட்டும் 'கிர்ர்ர்'.
5. வார்னிஷ்: கழுத்துப் பின்னாடி மரம் தெரியுது, கை படற மேல் விளிம்பு மழுங்கியிருக்கு, முதுகுல பெல்ட் பக்கிள் கீறல்.

அஞ்சாவதுக்குத்தான் ஊரே ஆலோசனை சொல்லுச்சு. கார் பெயிண்ட் அடிக்கறவர், "குடுங்க தம்பி, புதுசு மாதிரி பண்ணித் தரேன்"னார். நான் என் விதிய சொன்னேன்: வாசிக்க விடாம தடுக்கறத சரி பண்ணுவேன், வாசிச்சதால வந்தத விட்டுடுவேன். ஃப்ரெட் பள்ளம் தடுக்குது. கழுத்துல மரம் தெரியறது தடுக்கல. சொல்லப் போனா கட்டைவிரல் வழுக்கிக்கிட்டு போக அதுதான் வசதி. அந்தத் தேய்மானத்துக்கு முப்பது வருஷ கச்சேரி வேணும். ஸ்ப்ரே அடிக்க அரை நாள் போதும், அப்புறம் திரும்ப வராது.

ஃப்ரெட்டுக்கு: ஒவ்வொண்ணு தலையிலயும் மார்க்கர்ல கோடு போட்டு, நேரான கட்டையில உப்புத்தாள் ஒட்டி தேய்ச்சேன். மை எங்கெல்லாம் மிச்சம் இருக்கோ அங்க பள்ளம். எல்லாத்துலயும் மை போனதும் நிறுத்திட்டு, தலைய மறுபடி அரத்தால வட்டமாக்கணும். அரம் பிடிக்கத் தறி மெக்கானிக் ஒருத்தர் உதவினார். அவர் கண்ணு அளவுகோல் மாதிரி. நட்டுக்கு எலும்புத் துண்டு வாங்கி அறுத்து இழைச்சேன்.

அடுத்தது வயரிங். இங்கதான் செமி ஹாலோக்காரன் அழுவான். பின்னாடி மூடியே கெடையாது. நாலு பொட்டென்ஷியோமீட்டர், ஒரு ஸ்விட்ச், ஒரு ஜாக் எல்லாத்தையும் எஃப் ஓட்டை வழியாத்தான் வெளிய எடுக்கணும், அதே வழியாத்தான் உள்ள அனுப்பணும். ஒவ்வொண்ணுக்கும் நூல் கட்டி, வெளிய எடுக்கும்போது நூலோட ஒரு முனை அதனதன் துளையிலேயே நிக்கற மாதிரி விட்டுட்டா, திரும்ப இழுத்து உக்கார வைக்கலாம்.

நூலுக்கு எங்க ஊர்ல பஞ்சமா! ஆறு சாமானுக்கு ஆறு கலர் நூல். பக்கத்து வீட்டு அக்காதான் முடிச்சு போட்டுக் குடுத்தாங்க. தறியில இழை அறுந்தா போடற முடிச்சு. சின்னதா இருக்கும், இழுத்தா இறுகும், துளையில சிக்காது. சிவப்பு முன் வால்யூம், பச்சை முன் டோன், மஞ்சள் ஜாக்... ஒரு மணி நேரத்துல எல்லாம் அதனதன் இடத்துல. "இதுக்கா இவ்ளோ நேரம் மூஞ்ச தூக்கி வெச்சிருந்த?"ன்னாங்க அக்கா. செத்துப்போன ஒண்ண மட்டும் 500 கே போட்டு மாத்தினேன். மத்த மூணும் கிளீனர் அடிச்சதுமே சரியாயிடுச்சு. பழசே இருக்கட்டும்.

பிக்கப் ரெண்டும் ஹம்பக்கர். ரெண்டு காயில எதிரெதிரா சுத்தி, கரண்ட்டோட 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கற மாதிரி செஞ்சது. சுத்தி தறி மோட்டார் ஓடற ஊர்ல இது கடவுள் குடுத்த வரம்.

மிச்சம் அந்த 'கிர்ர்ர்'. அஞ்சாவது கம்பியில ஒரே ஒரு சுரத்துக்குத்தான் வரும். ரெண்டு சாயங்காலம் தேடினேன். மாமாவ கூப்பிட்டேன். காதுல வாங்கவே இல்ல. கிடார மடியில வெச்சு, என்ன வாசிக்கச் சொல்லிட்டு உள்ளங்கைய பலகை மேல நகத்திக்கிட்டே வந்தார். பிரிட்ஜ் கிட்ட நின்னார். ஆறு சேடிலையும் பிடிச்சு வெச்சிருக்கற மெல்லிசுக் கம்பி மேல விரல வெச்சார். சத்தம் நின்னுடுச்சு.

"எப்படி மாமா?"

"தறியில எது கழண்டிருக்குதுன்னு காதுலயா பாப்பாங்க? அந்தச் சத்தத்துல இன்னாடா கேக்கும்? கைதான்."

கம்பிய லேசா வளைச்சு இறுக்கினேன். தீந்துது வேலை.

கம்பி, எலும்பு, பொட்டென்ஷியோமீட்டர், கிளீனர், அரம் எல்லாம் சேத்து 4,200 ரூபா. ஆக 18,200. பழைய கிடார் பாக்கறவங்களுக்கு ஒண்ணு: கழுத்து நேரா இருக்கா, ட்ரஸ் ராடு திருகுதா, ஃப்ரெட்ல இன்னும் உயரம் மிச்சம் இருக்கா. இந்த மூணும் சரின்னா வாங்குங்க. கீறலப் பாத்து வெல பேசுங்க, ஆனா கீறலுக்காக விட்டுடாதீங்க.

போன வாரம் சாயங்காலம் கரண்ட் போச்சு. தெரு மொத்தமும் தறி நின்னு ஒரே அமைதி. ஆம்பும் செத்துப் போச்சு. ஆனா செமி ஹாலோவுல காலிச் சிறகு இருக்கே, ஆம்ப் இல்லாமலும் கொஞ்சம் பேசும். மாமா திண்ணையில உக்காந்து வாசிச்சார். விரல் முன்ன மாதிரி ஓடல. மேல் கம்பிங்க பக்கம் அதிகம் போகல, கீழ்ச் சுரங்கள்லயே சுத்தினார். தாடைய கிடார் விளிம்புல அழுத்தி வெச்சிருந்தார்.

கரண்ட் வர முக்கா மணி நேரம் ஆச்சு. மொத தடவையா மின்வாரியத்த யாரும் திட்டல :-)