கிழித்துப்போட ஆள் இல்லை

2020 அக்டோபர் 7-ம் தேதி ராத்திரி நான் ஒரு காரியம் செய்தேன். ஜெயிலில் போடுகிற குற்றமெல்லாம் இல்லை. அன்றைக்கு ஊரில் பாதிப் பேர் அதைத்தான் செய்தார்கள். இருந்தாலும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அபுதாபியில் சென்னை சூப்பர் கிங்ஸுக்கும் கொல்கத்தாவுக்கும் மேட்ச். ஜெயிக்க 168 வேண்டும். பத்து ஓவர் வரை ஜம்மென்று போன ஆட்டம், கடைசியில் படுத்துவிட்டது. பத்து ரன்னில் தோல்வி. கேதார் ஜாதவ் 12 பந்தில் 7 ரன். எரிச்சலில், அவருடைய உடம்பைக் கிண்டல் செய்து வந்த ஒரு படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் தட்டிவிட்டேன். மச்சான் சிரித்தார், சித்தப்பா சிரித்தார். நானும் நிம்மதியாகத் தூங்கிவிட்டேன்.

சில நாட்களில் பேப்பரில் ஒரு செய்தி. அந்தத் தோல்விக்காக, தோனியின் ஐந்து வயது மகளைக் குறித்து யாரோ இன்ஸ்டாகிராமில் எழுதக் கூசுகிற மிரட்டல் விட்டிருக்கிறார்கள். குஜராத்தில் போலீஸ் பிடித்தது ஒரு 16 வயதுப் பையனை. ‘சே, என்ன ஜென்மங்கள்!’ என்று பேப்பரை மடித்து வைத்தேன். அந்த மிரட்டலுக்கும் நான் அனுப்பிய படத்துக்கும் ஏதாவது உறவு இருக்கும் என்று தோன்றவே இல்லை.

என் முறை 2022-ல் வந்தது.

ஒரு பெரிய நடிகரின் படத்துக்கு முதல் நாள் டிக்கெட் விற்ற விலையைப் பற்றி எழுதியிருந்தேன். படத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சாயங்காலம் ஆரம்பித்தது அர்ச்சனை. என் வழுக்கை, என் ஜாதி என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்ட ஒன்று, செத்துப்போன என் அப்பா... யாரையும் விடவில்லை. நான் பெரிதாக அசரவில்லை. இருபது வருஷப் பத்திரிகைத் தொழிலில் தோல் கொஞ்சம் தடித்துத்தான் போயிருந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கும்பகோணத்திலிருந்து அம்மா போன். லாக்டவுனில்தான் ஸ்மார்ட்போன் பழகியிருந்தாள்.

“ஏம்ப்பா, நீ யார்கிட்டயாவது பணம் வாங்கிட்டியா?”

“என்னம்மா சொல்றே? இல்லவே இல்லை.”

“அப்புறம் ஏன் இத்தனை பேர் எழுதறாங்க?”

முன்பின் தெரியாதவர்கள் திட்டியது வலிக்கவில்லை. பெற்ற அம்மா ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டாள் பாருங்கள், அது வலித்தது. அவளைச் சொல்லியும் குற்றமில்லை. நானூறு பேர் சேர்ந்து சொன்னால் எந்த அம்மாவுக்கும் வயிற்றைப் பிசையத்தான் செய்யும்.

போனை வைத்ததும் நினைவுக்கு வந்தது ஜாதவின் படம்தான். அவர் வீட்டிலும் யாராவது காலையில் போனை எடுத்துப் பார்த்திருப்பார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலும் திட்டுகிறவர்கள் இருந்தார்கள். மொட்டைக் கடுதாசி வரும். ஆனால் அதற்கு ஐம்பது பைசா கொடுத்து கார்டு வாங்க வேண்டும், பேனா தேட வேண்டும், தபால் பெட்டி வரை நடக்க வேண்டும். பாதிக் கோபம் வழியிலேயே ஆறிப்போகும். மீதி ஆபீசுக்கு வந்தால், கடிதங்களைப் பிரிக்கிற சீனியர் ஒருவர் இருந்தார். கட்டுரையைக் குறை சொன்னால் எழுதியவரிடம் கொடுப்பார். குடும்பத்தை இழுத்திருந்தால் நாலாகக் கிழித்துக் கூடையில் போடுவார். எத்தனை கிழித்தார் என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது.

நான் படித்தது பி.காம். விலை குறைந்தால் தேவை கூடும் என்பது முதல் வருஷப் பாடம். இன்றைக்கு வசவின் விலை பூஜ்யம். நடுவில் நின்று கிழித்துப்போடவும் ஆள் இல்லை.

2021 அக்டோபர் 24. துபாயில் உலகக் கோப்பை டி20. பாகிஸ்தானிடம் பத்து விக்கெட்டில் தோற்றோம். பத்து விக்கெட் என்றால், நம் பௌலர் ஒருவருக்கும் ஒரு விக்கெட்கூட விழவில்லை என்று அர்த்தம். ஆனால் மதத்தைச் சொல்லி வசவு வாங்கியவர் முகமது ஷமி. கேப்டன் விராட் கோலி பகிரங்கமாக ஷமியின் பக்கம் நின்றார். அதற்குப் பரிசு? ஒரு வயதுகூட ஆகாத அவருடைய குழந்தைக்கு மிரட்டல். ஓர் இளைஞர் கைதானார். பிறகு 2023-ல் கோலி தரப்பே சம்மதித்து, மும்பை உயர் நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. அதே வருஷ உலகக் கோப்பையில் அதிக விக்கெட் எடுத்தவர் யார் தெரியுமா? ஷமி. 24 விக்கெட். திட்டிய விரல்களே அன்றைக்குக் கைதட்டும் பொம்மைகளை அனுப்பியிருக்கும்.

‘அப்படியானால் பிரபலங்களை விமர்சிக்கவே கூடாதா?’ என்று கேட்பீர்கள். தாராளமாகச் செய்யலாம். 12 பந்தில் 7 ரன் என்பதை நூறு தடவை சொல்லலாம். மந்திரி போட்ட ரோடு ஒரே மழையில் பெயர்ந்தால் சட்டையைப் பிடித்துக் கேட்காத குறையாகக் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். கணக்குப் பதிவியலில் ஒரு விதி உண்டு. வியாபாரம் வேறு, முதலாளி வேறு. கடைக் கணக்கில் வீட்டுக் கணக்கைக் கலக்கக் கூடாது. அவ்வளவுதான் விஷயம். ரோடு கடைக் கணக்கு. மந்திரியின் மகள் வீட்டுக் கணக்கு.

‘கோடி கோடியாகச் சம்பாதிக்கிறார்களே, இதையும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்’ என்பார் என் மச்சான். அந்தக் கோடி, விளையாடுவதற்குக் கொடுத்தது. வீட்டிலிருப்பவர்கள் வசவு கேட்பதற்கு யாரும் தனியாகச் செக் எழுதுவதில்லை.

நான் திருந்திவிட்டேன் என்று சொல்ல வரவில்லை. சென்னை தோற்கும்போதெல்லாம் விரல் இன்னமும் துறுதுறுக்கிறது. ஸ்கோரைப் பற்றி மட்டும் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைக்கிறேன்.

அம்மா மட்டும் மாறவில்லை. கட்டுரை வெளியாகிற வாரம், காலையில் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு என் பெயரைத் தேடுகிறாள். பிறகு போன் செய்து, “ஒண்ணும் இல்லைப்பா, சும்மாத்தான் கூப்பிட்டேன்” என்கிறாள்.