மணிக்குத் தமிழ் தெரியும்

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குப் போனால்தான் தேக்கா சந்தையில் யார் மீதும் இடிபடாமல் ஆட்டிறைச்சி வாங்க முடியும். ஏழரைக்கு மேல் ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்குத் திட்டம் போட்ட குடும்பங்களெல்லாம் வந்துவிடும். அன்று நான் போனபோது தரை இன்னும் ஈரமாக இருந்தது. கொக்கிகளில் ஆட்டுத் தொடைகள் வரிசையாகத் தொங்கின. கையில் நான்காக மடித்த காகிதம் ஒன்று வைத்திருந்தேன்.

“பாய், எலும்போட கறி ரெண்டு கிலோ. ஈரல் கால் கிலோ. சுவரொட்டி கால் கிலோ.”

பாய் நிமிர்ந்து பார்த்தார். “வீட்ல யாருக்கு தங்கச்சி ரத்தக் குறைவு? அம்மாவுக்கா?”

சுவரொட்டி கேட்டு வருபவர்களிடம் எல்லாக் கறிக்கடையிலும் வரும் கேள்விதான் அது. ரத்தம் ஊற வேண்டும் என்று நம் வீடுகளில் அதை மிளகு போட்டு வறுத்துக் கொடுப்பார்கள். உண்மையைச் சொல்லத் தயங்கினேன். நாய்க்கு என்று சொன்னால் முகம் சுளிப்பாரோ என்ற எண்ணம். “ஒரு நாய் வருது பாய், பார்த்துக்கிறதுக்கு” என்று மெல்லச் சொன்னேன்.

அவர் கத்தியைத் துடைத்தார். “இதைச் சொல்லவா யோசிச்சீங்க? வாயில்லா ஜீவன். தாகத்துல கிடந்த நாய்க்குத் தண்ணி எடுத்துக் கொடுத்தவரோட பாவம் மன்னிக்கப்பட்டதுன்னு எங்கள்ல சொல்வாங்க.” கூடவே ஒரு துண்டு ஈரலையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார்.

காகிதத்தில் இருந்தது ஒரு கணக்கு. நாயின் எடையில் இரண்டு முதல் மூன்று விழுக்காடு ஒரு நாள் உணவு. அதில் 80 விழுக்காடு தசை இறைச்சி, 10 விழுக்காடு மெல்லக்கூடிய எலும்பு, 5 விழுக்காடு ஈரல், மீதி 5 விழுக்காடு மண்ணீரல், சிறுநீரகம் போன்ற மற்ற உறுப்புகள். எல்லாம் பச்சையாக. 18 கிலோ நாய்க்கு ஏறத்தாழ 450 கிராம். இயன் பில்லிங்ஹர்ஸ்ட் என்ற ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் 1993இல் எழுதிய நூலுக்குப் பிறகு இந்தப் பழக்கம் உலகெங்கும் பரவியது. எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் சிலேத்தார் பக்கம் தரைவீட்டில் இரண்டு நாய்கள் வளர்க்கும் ஒரு தொண்டூழியர். அவர் நாய்களின் ரோமம் எண்ணெய் தேய்த்தது போல மின்னும். அதைப் பார்த்து மயங்காதவர்கள் குறைவு.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சுங்கை தெங்காவுக்குப் போனேன். அந்தப் பக்கம் போகாதவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள். சுவா சூ காங் நிலையத்திலிருந்து டாக்சியில் கொஞ்ச நேரம்தான். அடுக்குமாடிகள் சட்டென்று முடிந்துவிடும். செடிப் பண்ணைகள், மீன் பண்ணைகள், இருபுறமும் உயரமான புல். முன்பு பாசிர் ரிஸ், சிலேத்தார் பக்கமெல்லாம் இருந்த விலங்குக் காப்பகங்கள் பல இங்கேதான் இடம் மாறி வந்திருக்கின்றன. டாக்சியிலிருந்து இறங்கியதும் குரைப்புச் சத்தம் அலையாக வரும். தெங்கா விமானத் தளம் பக்கத்தில் இருப்பதால் வார நாள்களில் போர் விமானங்களின் இரைச்சலும் சேர்ந்துகொள்ளும்.

அங்கிருந்து சற்றுத் தள்ளி இன்னொரு பெரிய வளாகம் உண்டு. சுமார் 25,000 பேர் தங்கக்கூடிய வெளிநாட்டு ஊழியர் விடுதி. இந்த இரண்டுக்கும் உள்ள தொடர்பு எனக்கு அப்போது தெரியாது.

சிங்கப்பூரில் தெருநாய் என்று சொன்னாலும் அவை தெருவில் இருப்பது குறைவு. கட்டுமானத்தளங்கள், தொழிற்பேட்டைகள், காட்டு ஓரங்கள்தான் அவற்றின் இடம். ஊழியர்கள் போடும் சோற்றில் வளரும். வேலை முடிந்து தளத்தை மூடும்போது ஊழியர்கள் வேறு இடம் போவார்கள், நாய்கள் நின்ற இடத்திலேயே நிற்கும். அவற்றைப் பிடித்து, கருத்தடை செய்து, வீடு தேடித் தரும் அல்லது திரும்ப விடும் தேசியத் திட்டம் 2018இல் தொடங்கியது. எனக்குக் காட்டிய நாய் அப்படி வந்ததுதான். பழுப்பு நிறம், கறுத்த வாய், பாதி மடிந்த காது. கூண்டு அட்டையில் ‘மேனி’ என்று எழுதியிருந்தது. பதினோரு மாதம் அங்கே இருந்தும் கூப்பிட்டால் வராதாம். தொண்டூழியப் பெண் ஆங்கிலத்திலும் மாண்டரினிலும் கூப்பிட்டார். அது சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது.

“அடப்பாவமே, வாடா” என்றேன், எனக்கு நானே சொல்வது போல.

மடிந்த காது நிமிர்ந்தது. எழுந்து வந்து கம்பியில் மூக்கை வைத்தது. அந்தப் பெண் என்னை ஏதோ மந்திரம் போட்டவளைப் போலப் பார்த்தார். மேனி அல்ல, மணி என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

வீவக வீடுகளில் இத்தகைய கலப்பின நாய்களை வளர்க்க 2012இல் அடோர் திட்டம் வழிவிட்டது. முதலில் உயரம் 50 சென்டிமீட்டர், எடை 15 கிலோ என்ற வரம்பு இருந்தது. 2020இல் உயர வரம்பு 55 ஆனது, எடை வரம்பு நீங்கியது. மணி 52 சென்டிமீட்டர். மூன்று சென்டிமீட்டர் இடைவெளியில் யீஷூனில் எங்கள் நான்காவது மாடிக்கு வந்து சேர்ந்தான்.

அம்மாவுக்கு நாய் வருவதில் ஆட்சேபம் இல்லை. பச்சை இறைச்சிதான் பிரச்சினை. செவ்வாய், வெள்ளி எங்கள் வீட்டில் சைவம். “சாமி ரூமுக்கு எதிர்லயே ஃபிரீசரு. அதுல சுவரொட்டியா?” என்றார். தனிப் பலகை, தனிக் கத்தி, மூடி போட்ட டப்பா என்று எல்லா வாக்குறுதியும் கொடுத்தேன். அடுப்படிக்குப் பின்னால் துணி துவைக்கும் இடத்தில் மணியின் கிண்ணத்தை வைத்தேன். கணக்குப்படி 450 கிராம், கிராம் தப்பாமல்.

மணி முகர்ந்தான். பிறகு கிண்ணத்தை விட்டுவிட்டுத் தண்ணீர்க் குழாயைப் பார்த்தான். தாகம் என்று நினைத்துத் தண்ணீர் வைத்தேன். குடிக்கவில்லை. மறுபடியும் குழாயைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், போய்ப் படுத்துக்கொண்டான்.

“பசிச்சா தின்னும், விட்டுக்கொடுக்காதே” என்று சிலேத்தார் நண்பர் சொன்னார். மூன்றாம் நாள் இரவு தின்றான். விடியற்காலையில் வயிற்றுப்போக்கு, அதில் ரத்தக் கீற்று. வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு மருத்துவரிடம் ஓடினேன். ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் மிகக் குறைவு. உண்ணிக் காய்ச்சல். பாய் கேட்ட கேள்வி சரிதான், ஆளைத்தான் மாற்றிக் கேட்டிருக்கிறார்.

டாக்சிசைக்ளின் மாத்திரை 28 நாள் என்று எழுதிய மருத்துவர், “வீட்டில் வேறு யார் யார்?” என்றும் கேட்டார். அம்மாவுக்கு 71 வயது, நீரிழிவு உண்டு என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

பச்சை இறைச்சியில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இருக்கலாம். ஃபிரீசரில் வைத்தால் சில ஒட்டுண்ணிகள் சாகும், இந்தக் கிருமிகள் சாவதில்லை. நாய்க்கு ஒன்றும் ஆகாமல் இருக்கும்போதே அதன் மலத்திலும் எச்சிலிலும் கிருமி வெளியே வரும். அது நக்கும் கை முதியவருடையதாகவோ குழந்தையுடையதாகவோ இருந்தால் சிக்கல். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012லேயே பச்சை இறைச்சி உணவு வேண்டாம் என்று கொள்கையாகச் சொல்லிவிட்டது. “உங்கள் நண்பர் வீட்டில் ஒத்துப்போகிறது என்றால் அது அவர் வீடு, அவர் நாய்” என்றார் மருத்துவர். பிறகு சொன்னதுதான் எனக்குத் தைத்தது. “இவன் உங்களிடம் நிரந்தரமாக இருக்கப் போவதில்லை. போகும் வீட்டிலும் தேக்காவுக்குப் போய் எடைபோட்டு வாங்கிக் கொடுப்பார்களா? இல்லையென்றால் இவன் வயிறு இன்னொரு முறை மாற வேண்டும்.”

அதுவரை நான் அப்படி யோசிக்கவே இல்லை. மின்னும் ரோமத்தை யோசித்தேன். காகிதத்தில் இருந்த விழுக்காட்டை யோசித்தேன். தற்காலிகப் பராமரிப்பு என்பதில் ‘தற்காலிகம்’ என்ற சொல்லை மட்டும் மறந்திருந்தேன்.

அன்று மாலையே அடுப்பு அம்மா கைக்குப் போனது. குழைந்த சோறு, கோழி நெஞ்சுக்கறி, பரங்கிக்காய். உப்பு இல்லை. வெங்காயம், பூண்டு கூடவே கூடாது, அவை நாயின் ரத்தத்தைக் கெடுக்கும். வேகவைத்த எலும்பும் கூடாது, அது சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். மீன் குழம்பு மீந்தால் எலும்போடு நாய்க்கு வைப்பது நம் பழக்கம், அதனால்தான் இதைச் சொல்கிறேன். வீட்டுச் சமையலிலும் சுண்ணாம்புச் சத்துப் போதாது என்பதால் மருத்துவர் ஒரு பொடி கொடுத்தார். மெல்ல மெல்ல உலர் தீவனத்துக்கு மாற்றச் சொன்னார். மணி சாப்பிட்டான், ஆனால் பாதிதான். ஒவ்வொரு வேளையும் முதலில் குழாயைப் பார்ப்பது மட்டும் நிற்கவில்லை.

ஐந்தாவது வாரம் காப்பகத்திலிருந்து ஒரு செய்தி. மணியை முன்பு பார்த்துக்கொண்ட ஊழியர் விசாரித்திருக்கிறார், பார்க்கலாமா என்று கேட்கிறார். ஞாயிற்றுக்கிழமை மாலை வந்தார். அறந்தாங்கிப் பக்கம், முப்பது வயதிருக்கும். தளம் மூடிய பிறகு அவரைத் துவாஸுக்கு மாற்றிவிட்டார்கள். எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் மணியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். மணி அவர் மடியில் தலையை நுழைத்துக்கொண்டு முனகியதை எழுதிக் காட்ட என்னால் முடியாது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “தம்பி, மேல வந்து காபி குடிச்சிட்டுப் போங்க” என்றார்.

சாப்பாட்டு நேரம். கிண்ணத்தை வைத்தேன். மணி குழாயைப் பார்த்தான். அந்தத் தம்பி சிரித்துவிட்டார்.

“அக்கா, எங்களுக்கு வர்ற கேட்டரிங் சாப்பாடு ஒரே காரம். அதான் மீனையும் கறியையும் குழாய்ல கழுவித்தான் இவனுக்குப் போடுவேன். தண்ணி ஊத்தாம வச்சா சாப்பாடுன்னே நினைக்க மாட்டான்.”

எழுந்து போய்க் கிண்ணத்தைக் குழாயடியில் பிடித்து இரண்டு விநாடி தண்ணீர் விட்டார். மணி கிண்ணத்தைத் தரையில் தேய்த்துத் தேய்த்துக் காலி செய்தான். ஐந்து வாரமாக நான் கிராம் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் மாதம் புக்கிட் பாஞ்சாங்கில் வசிக்கும் ஒரு சீனத் தம்பதி மணியை எடுத்துக்கொள்ள முன்வந்தார்கள். கீழ்ப்படிதல் பயிற்சி, பொறுப்பாக வளர்ப்பதற்கான உறுதிமொழி எல்லாம் முடித்தார்கள். நான் ஒரு தாளில் ஆங்கில எழுத்தில் வா, இரு, வேணாம், சாப்பிடு, போதும் என்று எழுதி, பக்கத்தில் பொருளும் எழுதிக் கொடுத்தேன். கணவர் ‘சாப்பிடு’ என்பதை நான்கு முறை சொல்லிப் பார்த்தார். கடைசியில் குழாய் விஷயத்தையும் எழுதினேன். மனைவி அதைப் படித்துவிட்டு, எதுவும் கேட்காமல் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். துவாஸ் தம்பியின் கைப்பேசி எண்ணையும், அவரைக் கேட்டுக்கொண்டு, கொடுத்தேன்.

அவர்கள் போன மறுவாரம் தேக்காவுக்குப் போனேன், இந்த முறை வீட்டுக்குக் கறி வாங்க. கூட்டம் நெருக்கியது.

“என்ன தங்கச்சி, நாய்க்கு ரத்தம் ஊறிடுச்சா?”

“ஊறிடுச்சு பாய். வேற வீட்டுக்குப் போயிட்டான்.”

“அம்மா எப்படி இருக்காங்க?”

“சரியா சாப்பிட மாட்டேங்கறாங்க.”

பாய் கால் கிலோ சுவரொட்டியை எடைபோட்டு என் கறியோடு சேர்த்துக் கட்டினார். காசு கொடுக்க நீட்டிய கையைத் தள்ளிவிட்டு, அடுத்தவரிடம் என்ன வேண்டும் என்று கேட்கப் போய்விட்டார்.