குதிரைகள் இறங்கிய துறை

சிவகாசியில் பிறந்து வளர்ந்தவனுக்குத் தண்ணீர் என்பது லாரியில் வருவது. மழை குறைவு, காற்றில் ஈரமில்லை, கரிசல் மண் ஆண்டில் பாதி நாள் வெடித்துக் கிடக்கும். அந்த வறட்சிதான் தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய மூன்றுக்கும் எங்கள் ஊரை ஏற்றதாக்கியது. ஈரக்காற்று வீசும் ஊரில் மருந்தும் உலராது, மையும் உலராது. பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிளும் அட்டைப்பெட்டியும் அச்சடித்துக் கொடுக்கும் சிறிய அச்சகம் ஒன்றை இருபத்தாறு ஆண்டுகளாக நடத்திவருகிறேன். ஆதலால் நீர் சூழ்ந்த ஊர்கள் எனக்குக் கதைகளில் வருபவை மட்டுமே.

சென்ற தை மாதம் காயல்பட்டினத்திலிருந்து ஒரு திருமண அழைப்பு வந்தது. மணமகன் என் மகனோடு கல்லூரியில் படித்தவர். குடும்பத்தோடு வரவேண்டுமென்று தொலைபேசியிலும் வற்புறுத்தினார். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு என் மனைவி வேறொரு செய்தியையும் சொன்னாள். மணமகனின் தாய்மாமன் ஹாங்காங்கில் இரத்தினக்கல் வணிகம் செய்கிறாராம். அவருடைய கடையில் நம் மகனுக்கும் ஓர் இடம் இருக்கிறதாம். மகன் அதைத் தாயிடம் சொல்லியிருக்கிறான், என்னிடம் சொல்லவில்லை. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் விருதுநகரில் அவனோடு ரயிலேறினேன். மூட்டுவலி காரணமாக அவள் வரவில்லை.

வழியில் படிப்பதற்கு மார்கோ போலோவின் பயண நூலைக் கையில் வைத்திருந்தேன். காயலைப் பற்றி அதில் ஒரு பகுதி உண்டென்று என் நண்பரான ஆசிரியர் ஒருவர் சொல்லிக் கொடுத்தது. போலோ வெனிஸ் நகரத்தவர். உப்பங்கழி ஒன்றின் நடுவே, சிறுசிறு தீவுகளின் மேல் மரக்கம்பங்களை இறக்கி எழுப்பப்பட்ட நகரம் அது. தெருக்களுக்குப் பதில் கால்வாய்கள், அவற்றின் குறுக்கே நூற்றுக்கணக்கான பாலங்கள். இன்றும் அங்கே கார் ஓடுவதில்லை. ஒன்று படகு, இல்லையேல் கால்நடை. அந்த ஊரிலிருந்து 1271இல், பதினேழு வயதில், தந்தையோடும் சிறிய தந்தையோடும் புறப்பட்ட அந்த இளைஞர் 24 ஆண்டுகள் கழித்துத்தான் வீடு திரும்பினார். சீனத்திலிருந்து திரும்பும் வழியில் நம் கரையைக் கண்டார். நூலில் அவர் 'காயில்' என்று குறிப்பிடுவது காயலை. காயல் என்ற சொல்லுக்கே உப்பங்கழி என்றுதான் பொருள். கழியில் பிறந்தவர் கழியைப் பெயராகக் கொண்ட ஊருக்கு வந்திருக்கிறார் என்று எண்ணியபோது எனக்கு ஏனோ மகிழ்ச்சியாக இருந்தது.

ரயில் திருநெல்வேலியைக் கடந்ததும் இருபுறமும் நெல்லும் வாழையும். எதிரில் அமர்ந்திருந்த மகன் கைப்பேசியில் மூழ்கியிருந்தான். 'தந்தையோடு' என்ற சொல்லுக்கு அடியில் நான் பென்சிலால் கோடிட்டதை அவன் பார்த்திருக்க நியாயமில்லை.

காயல்பட்டினம் நடந்து பார்க்கவேண்டிய ஊர். மகனை நண்பர்களிடம் விட்டுவிட்டு, லுஹர் தொழுதபின் தனியாக நடக்கத் தொடங்கினேன். சித்தன் தெரு, சதுக்கைத் தெரு என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகப்போக, எல்லாத் தெருக்களும் கடலை நோக்கியே இழுப்பதுபோல் தோன்றியது. வீடுகள் முன்னால் குறுகலாகவும் உள்ளே ரயில்பெட்டி போல நீளமாகவும் இருக்கின்றன. வீடுகளின் பின்புறமாகச் செல்லும் ஒடுங்கிய சந்துகளை முடுக்கு என்கிறார்கள். இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். நிழலும் குளிர்ச்சியும் கண்டு அப்படி ஒன்றில் நான் காலெடுத்து வைத்துவிட்டேன். பத்தடி போயிருப்பேன், பின்னாலிருந்து ஒரு சிறுவனின் குரல் வந்தது.

"காக்கா, அது பொம்பளைங்க போற முடுக்கு. நீங்க தெரு வழியா வாங்க."

வெட்கிப்போய்த் திரும்பினேன். அங்கே பெண்கள் தெருவுக்கு வராமலேயே வீட்டுக்கு வீடு, பள்ளிக்கூடத்துக்கு, உறவினர் இல்லத்துக்கு என்று முடுக்குகள் வழியாகவே போய்வருவார்களாம். எனக்குக் கிடைத்தது பாதி ஊர்தான். மறுபாதி ஊரை என் மனைவி வந்திருந்தால் பார்த்திருப்பாள்.

பெரிய குத்பா பள்ளியில் உளூச் செய்துகொண்டிருந்தபோது அஸர் பாங்கு ஒலித்தது. கடிகாரத்தைப் பார்த்துத் திகைத்தேன். எங்கள் ஊரில் அஸருக்கு இன்னும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் இருந்தது. பிறகுதான் நினைவு வந்தது. நாங்கள் ஹனஃபிகள், இவர்கள் ஷாஃபிகள். ஜமாஅத்தை விடுவானேன் என்று சேர்ந்துகொண்டேன். காயல்பட்டினத்துப் பள்ளி ஒன்றுக்கு 'உதய மார்த்தாண்டப் பெரும்பள்ளி' என்று ஒரு மன்னனின் பெயர் வழங்கியதைக் கல்வெட்டு சொல்கிறது என்று தொழுகைக்குப் பின் அருகிலிருந்த பெரியவர் ஒருவர் கூறினார். முஸ்லிமல்லாத அரசனின் பெயரை ஒரு பள்ளிவாசல் தாங்கி நின்றிருக்கிறது. எங்கள் பள்ளிவாசல் கூட்டங்களில் பெயர்ப்பலகைக்காக நடக்கும் சண்டைகளை நினைத்துக்கொண்டேன்.

அவர் என்னைப் பற்றி விசாரித்தார். இராவுத்தர் குடும்பம் என்றதும் சிரித்தார். "அப்ப உங்க குதிரையெல்லாம் எங்க ஊர்லதான் எறங்கிச்சு" என்றார்.

விளையாட்டாகச் சொன்னாலும் அதில் வரலாறு இருக்கிறது. இராவுத்தன் என்பது குதிரைவீரனைக் குறிக்கும் சொல். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் பாண்டிய நாட்டுக்குக் குதிரைகள் கடல்வழியேதான் வந்தன. ஹுர்முஸ், கிஷ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து வரும் கப்பல்கள் காயலைத் தொடுகின்றன என்று போலோ எழுதுகிறார். கிஷ் தீவின் அதிபதி ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகளை அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்ததையும், ஒரு குதிரைக்கு 220 பொன் தினார் விலை பேசப்பட்டதையும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் குறித்துவைத்திருக்கிறார். ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியனிடம் அமைச்சராக இருந்து இத்துறைகளைக் கவனித்தார். இங்கே வந்த குதிரைகள் நெடுநாள் பிழைக்கவில்லை என்பதும் போலோவின் நூலில் இருக்கிறது. பராமரிக்கத் தெரிந்தவர் இல்லை, இலாடம் அடிப்பவர்களை வணிகர்கள் வரவிடுவதுமில்லை. குதிரை சாகச்சாகத்தானே அடுத்த குதிரை விற்கும்! அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஒரே இரவில் எரிந்து தீர்ந்து, மறு ஆண்டு மீண்டும் வாங்கப்படுவதை நம்பித்தான் எங்கள் ஊரும் பிழைக்கிறது.

இரவு திருமண வீட்டில் களரிச் சாப்பாடு. அந்தக் கறியின் சுவையைச் சொல்லிமுடியாது, ஆகவே சொல்லப்போவதில்லை. பள்ளியில் சந்தித்த அதே பெரியவர் பக்கத்தில் அமர்ந்தார். அவ்வூரில் திருமணத்துக்குப் பின் பெண் தாய்வீட்டை விட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருகிறார். பெண்ணுக்கு வீடு கொடுப்பது தந்தையின் கடமை. "வீடு பொம்பளைக்கு. ஆம்பளைக்கு ஒரு பெட்டிதான்" என்றார். அவர் கொழும்பில் 31 ஆண்டுகள் இருந்தவர். பிள்ளைகள் வளர்ந்ததை விடுமுறைக்கு விடுமுறைதான் பார்த்தாராம். வருத்தமா என்று கேட்டேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

மறுநாள் ஃபஜ்ருக்குப் பிறகு மகனையும் அழைத்துக்கொண்டு ஓர் ஆட்டோவில் வடக்கே புறப்பட்டேன். போலோ கண்ட காயல், இன்றைய காயல்பட்டினத்துக்கு வடக்கே தாமிரபரணிக் கழிமுகத்தருகில் உள்ள பழையகாயல் என்பது கால்டுவெல் முதலியோரின் முடிவு. ஆறுமுகநேரி உப்பளங்கள், ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்கள், ஆற்றுப் பாலம், முக்காணி, பழையகாயல். காயல் மக்கள் எந்நேரமும் வெற்றிலையை மென்றுகொண்டிருக்கிறார்கள் என்று போலோ வியந்து எழுதியது இந்தக் கொடிக்கால்களின் பக்கத்தில்தான். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

பழையகாயலில் காண்பதற்கு எதுவும் இல்லை. சாலையோரக் கடைகள், தோப்புகள், மணல். ஓர் உலகத் துறைமுகம் இருந்த இடம் என்று யாரும் சொல்லாவிட்டால் தெரியாது. கால்டுவெல் இந்தச் சமவெளியில் நடந்தபோது மைல்கணக்கில் சீனப் பீங்கான் ஓடுகள் சிதறிக் கிடந்ததைக் கண்டார். வெடிமருந்தைக் கண்டுபிடித்த நாட்டின் பீங்கான்! சிவகாசிக்காரன் என்ற உரிமையில் காலால் மண்ணைக் கிளறிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை.

ஊர் போனதற்குப் படையெடுப்போ தீயோ காரணம் அல்ல. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான். முதலில் கொற்கை கடற்கரையில் இருந்தது. வண்டல் சேரச்சேரக் கடல் விலகியது, கொற்கை உள்நாட்டு ஊரானது. வணிகம் காயலுக்கு நகர்ந்தது. பிறகு அதையும் விட்டுக் கடல் தள்ளிப்போயிற்று. இதே ஆபத்து வெனிஸுக்கும் வந்தது. பிரெண்டா, பியாவே முதலிய ஆறுகள் வண்டலைக் கொட்டிக் கழியைத் தூர்த்துவிடும் என்று அஞ்சிய அந்நகரத்தார், 14ஆம் நூற்றாண்டு தொடங்கிப் பல தலைமுறைகளாக வெட்டு வெட்டென்று வெட்டி, ஆறுகளையே கழிக்கு வெளியே திருப்பிவிட்டார்கள். அவர்கள் ஆற்றை நகர்த்தினார்கள், நம்மவர்கள் ஊரை நகர்த்தினார்கள். வெனிஸில் பளிங்கு மாளிகைகள் நின்றுவிட்டன. இங்கே மனிதர்கள் தங்கள் தொழுகையையும் தொழிலையும் கல்யாணச் சோற்றையும் சுமந்துகொண்டு அடுத்த கரைக்குப் போய்விட்டார்கள். எது மேல் என்று எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்த மணலில் நின்றபோது அழிவைப் பார்க்கிறோம் என்ற எண்ணம் எனக்கு வரவில்லை. முந்தைய இரவு அதே ஊரின் விருந்தை உண்டுவிட்டு வந்திருந்தேனே.

திரும்பும் வழியில் பாலத்தருகே ஆட்டோவை நிறுத்தச் சொல்லி ஆற்றைப் பார்த்தபடி நின்றோம். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த பட்டாசுக்கும் சரவெடிக்கும் தடை விதித்து, வெடிக்கும் நேரத்தையும் இரண்டு மணி நேரமாகச் சுருக்கியது. அதற்குப்பின் என் அச்சகத்தில் ஒரு இயந்திரம் துணி போர்த்தியே கிடக்கிறது. பதினெட்டுப் பேர் வேலை பார்த்த இடத்தில் இப்போது பதினொருவர். மருந்தின் நஞ்சைப் பற்றி நீதிமன்றம் சொன்னதில் உண்மை இல்லை என்று நான் வாதிடமாட்டேன். கணக்குப் புத்தகம் மகன் கையில்தான் இருக்கிறது. என்னைவிட அவனுக்கு எல்லாம் தெரியும்.

"ஹாங்காங் விஷயத்தை அம்மா சொல்லிட்டா" என்றேன்.

அவன் திடுக்கிடவில்லை. "நீங்க மனசு சங்கடப்படுவீங்கன்னுதான் அத்தா" என்றான்.

"இஸ்திகாரா தொழுதியா?"

"மூணு நாளா தொழுறேன். ஒரு பக்கமும் மனசு சாயல. நேத்து அந்தப் பெரியவர் உங்ககிட்ட பேசினதைக் கேட்டதுலேருந்து இன்னும் குழப்பமா இருக்கு."

அந்த மூன்று நாளும் அவன் எனக்கு அடுத்த அறையில்தான் உறங்கினான். இரவில் குழாய்ச் சத்தம் கேட்டபோது, எவன் இந்நேரத்தில் தண்ணீரை வீணாக்குகிறான் என்று நான் முணுமுணுத்திருக்கிறேன்.

என்ன சொல்வது என்று தெரியாமல், பாலத்தின் கைப்பிடிமேல் இருந்த அவன் கைமேல் என் கையை வைத்தேன். போலோவின் தந்தைக்கு மகனைக் கூடவே கூட்டிக்கொண்டு போக முடிந்தது. எனக்குப் பதினொரு பேருக்குச் சனிக்கிழமைதோறும் சம்பளம் போடவேண்டும்.

"இன்னும் ரெண்டு நாள் தொழு. நானும் தொழுறேன்" என்றேன்.

ஆத்தூரில் இறங்கி அவன் அம்மாவுக்கு இரண்டு கவுளி வெற்றிலை வாங்கினோம். ரயிலில் வாடிவிடக் கூடாதென்று ஈரத்துணியில் சுற்றி, விருதுநகர் வரும்வரை மடியிலேயே வைத்திருந்தான்.