சுசீந்திரம் குளக்கரையில் ஒரு விடியல்

நாஞ்சில் நாட்டுக்கு வரும் அடியார்கள் பெரும்பாலும் சுசீந்திரத்தில் காலையில் வழிபட்டு, உச்சிவேளைக்குள் குமரிமுனைக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். தாணுமாலயப் பெருமாளின் அருளை நிறைவாக உணர விரும்புவோர் ஓர் இரவேனும் இவ்வூரில் தங்க வேண்டும். திருக்கோயிலின் இரவும் குளக்கரையின் விடியலும் ஒன்றையொன்று நிறைவு செய்பவை.

தாணுவாகிய சிவனும் மாலும் அயனும் ஒருவடிவாய் அருளும் தலம் இது. அத்திரி முனிவரும் அனசூயையும் தவமிருந்த ஞானாரண்யம் என்றும், தல விருட்சம் கொன்றை என்றும் புராணம் கூறும். கௌதமரின் சாபம் பெற்ற இந்திரன் இங்கு வழிபட்டுச் சுசி, அதாவது தூய்மை, அடைந்தமையால் சுசீந்திரம் என்னும் பெயர் வந்தது. இன்றும் அர்த்தசாம வழிபாட்டை இந்திரனே நடத்துகிறான் என்பது ஐதிகம். அதற்கு வேண்டியவற்றை ஆயத்தம் செய்து நடைசாத்தும் அர்ச்சகர் மறுநாள் காலையில் நடைதிறப்பதில்லை, மற்றொருவரே திறப்பார்.

இரவில் வரும் அந்த விருந்தினனை நம் கண்கள் காணா. கண்ணாரக் காணத்தக்க விருந்தினரோ சிறிது தொலைவில், சுசீந்திரம், தேரூர்க் குளங்களில் விடியலில் விழித்தெழுகின்றனர்.

பழையாற்றை ஒட்டிய இந்நிலத்தின் குளங்கள் மிகப் பழைமையானவை. பசுங்குளம், பெருங்குளம் முதலிய பெயர்களை 9-ஆம் நூற்றாண்டுச் செப்பேடுகள் குறிக்கின்றன. தென்மேற்கு, வடகிழக்கு எனும் இரு பருவமழைகளும் பெறும் நாடாதலின், வயலுக்கு நீரும் பறவைக்கு இரையும் இங்கு ஒருசேரக் கிடைக்கின்றன. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 1876-இல் பிறந்த ஊரும் இத்தேரூரே.

கிழக்கு வெளுக்கும் முன்னரே கரைக்குச் சென்று அமைதியாக நின்றால் போதும். முதலில் நீலத் தாழைக்கோழியின் குரல் கேட்கும். ஒளி பரவியதும் தாமரை இலைகளின்மீது இலைக்கோழி நடப்பதைக் காணலாம். நீண்ட விரல்கள் அதன் எடையைப் பரப்பிவிடுவதால் இலை மூழ்குவதில்லை. மழைக்காலத்தில் மிதக்கும் இலைகளின்மீதே அது முட்டையிடும். அடைகாப்பதும் குஞ்சுகளைப் பேணுவதும் ஆண்பறவையே. நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, பாம்புத்தாரா ஆகியவற்றையும் காணலாம். குளிர்காலத்தில் வடதிசை நாடுகளிலிருந்து நீலச்சிறகியும் மீசை ஆலாவும் வந்து சேரும். ஏறத்தாழ 250 வகைப் பறவைகள் இங்குப் பதிவாகியுள்ளன. அவற்றுள் 53 வகை வலசை வருபவை. பாரத நிலப்பரப்பின் தென்கோடியைத் தேடி வருவதில் அவையும் நம்மைப்போல் யாத்திரிகரே.

சுசீந்திரம், தேரூர், மணக்குடிப் பகுதி 2015-இல் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. சுசீந்திரம் - தேரூர் ஈரநிலம் 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. எனினும் காப்பது அரசாணை மட்டுமன்று. வருவோரின் ஒழுக்கமும் ஆகும். கரையில் கூடாரமடித்துத் தீ மூட்டுவதும், உரக்க ஒலியெழுப்புவதும், படம் பிடிக்க நெருங்குவதும் தகாதவை. அஞ்சிப் பறக்கும் ஒவ்வொரு முறையும், திரும்பும் நெடும்பயணத்துக்காகச் சேர்த்த வலிமையைப் பறவை இழக்கிறது. பிரசாதம் கொண்டுவந்த நெகிழிப் பையைக் குளத்தில் எறிவோர், இந்திரன் தூய்மை பெற்ற தலத்திலேயே மாசு சேர்ப்பவராகின்றனர். ஊரில் தங்கி, விடியலில் வெறுங்கையுடன் வந்து, கண்டு மகிழ்ந்து செல்வதே முறை.

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி செல்லும் சாலையில் சுசீந்திரம் உள்ளது. மார்கழித் திருவிழாவும் வலசைப் பறவைகளின் வரவும் ஒரே பருவத்தில் அமைவது இத்தலத்தின் தனிச்சிறப்பு. குழந்தைகளை உடனழைத்து வாருங்கள். குளக்கரையில் விடியலைக் கண்டபின் திருக்கோயிலுக்குச் சென்று, பதினெட்டடி ஆஞ்சநேயரையும் தாணுமாலயனையும் தொழுங்கள். உங்களுக்காக வேண்டும்போது, வந்த பறவைகள் நலமே வீடு திரும்பவும் ஒரு சொல் வேண்டிக்கொள்ளுங்கள்.